ஆனை வீட்டுக்கு வந்த புத்தகம்

கதை சொல்லிக் குழந்தையைத் தூங்கவைப்பது சுலபம் என்று யாராவது சொன்னால், அவர்கள் எங்கள் வீட்டுப் பாப்பாவைப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

பாப்பா என் சித்தப்பாவின் மகள். உலகச் சண்டைக் காலம் அது. தெரு விளக்குக்கெல்லாம் கறுப்பு மூடி போட்டிருந்தார்கள். சித்தப்பா டிராமில் கண்டக்டர். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரே வீட்டில் எல்லோரும் இருந்தோம். சித்தி இரண்டாவது பிரசவத்துக்காக ஒரு காலையில் ஜட்கா வண்டி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாப்பா வாசற்படியில் நின்று கையாட்டினாள். அதன் பிறகு சித்தியும் வரவில்லை, பிறந்த குழந்தையும் வரவில்லை. பாப்பாவுக்கு அப்போது நாலு வயது. "அம்மா ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவா" என்று யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்கள். பிறகு அதை மாற்றிச் சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. எந்த ஊர் என்று அவள் கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்போம். நல்லவேளை, கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கதைகளில்தான்.

என் அம்மாவுக்குக் கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம் ஊர்க் கதைகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புலி ஒன்றைத் தின்னும், முதலை ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். கெட்டவன் செத்தால்தான் கதைக்கே ருசி. சிங்கம் தன் நிழலைப் பார்த்துக் கிணற்றில் குதித்ததும் மற்றக் குழந்தைகள் கை தட்டும். எங்கள் பாப்பா மட்டும், "அப்பறம் சிங்கம் ஊட்டுக்கு வந்துச்சா?" என்பாள். வரவில்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வாயில் வைத்த சோறு வாயிலேயே நிற்கும். ராத்திரி கண்ணை விழித்துக்கொண்டு பாயில் கிடப்பாள். அழவும் மாட்டாள். அழுதாலாவது சமாதானம் சொல்லலாம்.

கதைக்குக் கால் ஏது என்று அம்மா துணிந்து கிணற்றுக்குள் கயிற்றை விட்டாள். சிங்கம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி, நனைந்த பிடரியை உலர்த்திக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தது. அன்றைக்குப் பாப்பா நாலு வாய் சாப்பிட்டாள். அதிலிருந்து அம்மாவின் கதைகளில் கயிறும் ஏணியும் பெருகிவிட்டன. காட்டில் எந்த மிருகம் எதில் விழுந்தாலும் பக்கத்திலேயே ஒரு கயிறு கிடக்கும். ஒருநாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் அலுத்துப்போய்ச் சொன்னாள்:

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்பாங்க. எத்தினி சிங்கத்தைத்தான் நான் கெணத்துலேர்ந்து தூக்கிக்கினு இருக்கறது?"

அப்போதுதான் சித்தப்பாவுக்குப் படப் புத்தகம் வாங்கும் எண்ணம் வந்தது. வாயால் சொல்லும் கதை ஆளுக்கொரு மாதிரி ஆகிவிடுகிறது. நேற்று வந்த சிங்கம் இன்றைக்கு வராமல் போய்விடுகிறது. அச்சில் இருந்தால் மாறாது, படம் இருந்தால் அவளே பார்த்துக்கொள்வாள் என்பது அவர் கணக்கு. எனக்கு ஒன்பது வயது. எழுத்துக் கூட்டி வேகமாகப் படிப்பேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்த காலம். ஓய்வு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு லஸ் முனைக்குப் போனார்.

காகிதம் கிடைக்காத நாட்கள் என்பதால் புதுப் புத்தகம் என்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கிற பொருள். எங்களுக்கு வாய்த்தது நடைபாதையில் சாக்கு விரித்திருந்த பழைய புத்தகக்காரர்தான். சித்தப்பா ஒவ்வொன்றாக எடுத்து, நேராகக் கடைசிப் பக்கத்தைப் பிரிப்பார். பார்ப்பார். வைத்துவிடுவார். அட்டைப் படம், எழுத்து, பூச்சி அரித்த இடம் ஒன்றும் அவருக்குப் பொருட்டில்லை. புத்தகக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா கண்டக்டரே, எல்லாரும் மொதல் ஸ்டாப்புல ஏறுவாங்க. நீ இன்னாடான்னா கடைசி ஸ்டாப்புல ஏறிக்கினு கீறே?"

சித்தப்பா அடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். முதல் தடவை ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கினார். கடைசிப் படத்தில் குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இதைவிடப் பத்திரமான முடிவு கிடைக்குமா? பாப்பா அதை இரண்டு தடவை புரட்டினாள். முதல் படத்தில் ஒரு பூனை இருந்தது. மேசைப் படத்தில் பூனை இல்லை. "பூனை எங்க?" என்றாள். எங்கள் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. பூனை மேசைக்கு அடியில் தூங்குகிறது என்று அம்மா சமாளித்தாள். பாப்பா புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அடியில் எட்டிப் பார்த்தாள். அன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த தடவை கிடைத்தது ராட்சசன் கதை. அம்மா அட்டையைப் பார்த்ததுமே, இது பிள்ளைக்கா இல்லை பிள்ளை பிடிக்கிறவனுக்கா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். இப்படியே சில வாரம் போயிற்று. புத்தகக்காரர் எங்களுக்கென்றே எடுத்துவைக்க ஆரம்பித்தார். ஒருநாள் அவர் நூலால் கட்டிய படத் தாள்களை நீட்டினார். ஏதோ பழைய பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்தவை. ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கம் முழுக்க வர்ணப் படம், அதன் கீழே இரண்டு வரி எழுத்து. எல்லாப் படத்திலும் யானை. அடியிலிருந்த தாளில் ஒரு தாய் யானையும் குட்டியும் மரத்தடியில் ஒட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. குட்டியின் துதிக்கை அம்மாவின் காதுக்கு மேல் கிடந்தது. சித்தப்பா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். மற்ற எதையும் பார்க்காமல் வாங்கிவிட்டார்.

தாள் தாளாகக் குழந்தை கையில் கொடுத்தால் கிழித்துவிடுமே என்று, கச்சேரி ரோட்டில் பைண்டிங் கடை வைத்திருந்த பாயிடம் கொடுத்தார். பாய் கணக்குப் புத்தகம் தைப்பார், உருதுப் புத்தகம் தைப்பார். நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்ததால் கடை நிறைய உருதுப் புத்தகங்கள் குவிந்திருந்தன. இரண்டு நாளில் சிவப்புக் காலிகோத் துணி ஒட்டிக் கெட்டி அட்டை போட்டுக் கொடுத்துவிட்டார். சித்தப்பா அதை டிக்கெட்டுப் பையில் சொருகிக்கொண்டு வந்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் பாப்பா மடியில் வைத்தார்.

பாப்பா அட்டையைத் திறந்தாள். முதல் படத்தில் குட்டி யானை தனியாக நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் காடு, ஆள் இல்லை, அம்மா யானை இல்லை. கீழே இருந்ததை நான் எட்டிப் படித்துவிட்டேன்: "தாய் யானை திரும்பி வரவே இல்லை." சித்தப்பாவும் படித்துவிட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவர் புத்தகத்தைப் பிடுங்கக் கையை நீட்டுவதற்குள் பாப்பா அடுத்த தாளைத் திருப்பிவிட்டாள்.

அதில் ஒரு லாரி. லாரியின் மேலே அம்மா யானை.

"வண்டில வருது" என்றாள் பாப்பா.

அதற்கு அடுத்ததில் ஆட்கள் பெரிய பள்ளத்தைச் சுற்றி நின்று கயிற்றைப் பிடித்திருந்தார்கள். "கயிறு கீது" என்று பாப்பா என் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு யானை பள்ளத்துக்குள் நின்றது. கண்ணாமூச்சி ஆடுகிறது என்று அவளே சொல்லிக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டும் ஓடையில் குளித்தன. கடைசியில் மரத்தடியில் படுத்துத் தூங்கின. பாப்பா அந்தத் தூங்குகிற யானைகளைத் தடவிக் கொடுத்தாள். புத்தகத்தை மூடினாள்.

"பெரிம்மா, பசிக்குது" என்றாள்.

சித்தி போன பிறகு அவளாகப் பசி என்று சொன்னது அன்றைக்குத்தான். அம்மா எழுந்த வேகத்தில் முறம் உருண்டது.

நடந்தது என்னவென்று எனக்குத்தான் முதலில் பிடிபட்டது. உருதுப் புத்தகத்துக்குத் தையல் வலது பக்கம், நம் புத்தகத்துக்கு இடது பக்கம். புத்தகக்காரர் கட்டில் தாள்கள் தலைகீழாக இருந்திருக்கின்றன, தூங்குகிற படம்தான் முதல் தாள். பாய் நம்பர் பார்த்து ஒழுங்காகத்தான் அடுக்கியிருக்கிறார்; அவசரத்தில் கைப்பழக்கமாக உருதுப் புத்தகம் போலத் தைத்துவிட்டார். நம்மைப் போல இடப்பக்கத் தையலாகப் பிடித்துத் திறந்தால் கதை கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும். லாரியில் பிடித்துக்கொண்டு போன யானை லாரியில் திரும்பி வரும். இவ்வளவு பெரிய தப்பைக் கண்டுபிடித்தவள் சும்மா இருக்க முடியுமா? புத்தகம் தப்பு, புத்தகம் தப்பு என்று நான் நச்சரித்ததில், அடுத்த ஓய்வு நாளில் சித்தப்பா என்னையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பாய் கடைக்கு நடந்தார்.

நான்தான் திறந்து காட்டினேன். பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். நாப்பது வருஷத் தொழிலில் இப்படி நடந்ததில்லை என்றார். சாயங்காலத்துக்குள் பிரித்துத் தைத்துத் தருவதாகச் சொல்லி, ஊசியை அப்போதே கையில் எடுத்துவிட்டார்.

"வாணாம் பாய். அப்பிடியே இருக்கட்டும்" என்றார் சித்தப்பா.

பாய்க்குப் புரியவில்லை. காசு வாங்க மாட்டேன், என் தப்புத்தானே என்றார். சித்தப்பா குனிந்து அவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். பாய் ஊசியைக் கீழே வைத்தார். குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டார். பிறகு புத்தகத்தை வாங்கி, இடப்பக்கத் தையலாகப் பிடித்தபோது மேலே இருந்த அட்டையில் யானை மாதிரி ஒரு பொன்தாள் துண்டை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். இனி அதுதான் முன்னட்டை. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் பாயின் தப்பைச் சொல்லித் திரிய இருந்த எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சித்தப்பாவுக்கு ஒருவரிடம் கறாராகப் பேசத் தெரியாது, அதனால்தான் டிராமில் அவரை எல்லோரும் ஏய்க்கிறார்கள் என்று தீர்மானித்தேன்.

அம்மாவுக்கும் அது அரைமனதுதான். பாப்பா சாப்பிடுவதில் சந்தோஷம், ஆனால் அவள் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் உட்காருவது பொறுக்கவில்லை.

"தெருவுல ஜட்கா சத்தம் கேட்டா ஓடுறா, பாத்தியா? ஆனை வந்துச்சே, அம்மா ஏன் வரலேன்னு கேட்டா இன்னா சொல்லுவே? கத்திரிக்கா முத்துனா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆவணும்."

"வர்ற அன்னிக்கு வரட்டும் அண்ணி. இன்னிக்கு அவ சாப்புடுறா" என்றார் சித்தப்பா.

அம்மா சோறு பிசையப் போனாள்.

அதிலிருந்து தினமும் அது வழக்கமாகிவிட்டது. சித்தப்பா வேலை முடிந்து வந்ததும் பையை ஆணியில் மாட்டுவார். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்காருவார். நாளெல்லாம் டிராமில் நின்ற கால் வீங்கியிருக்கும். பாப்பா அந்தக் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பொன் யானை ஒட்டிய பக்கத்திலிருந்து திறந்து, அவருக்குக் கதை சொல்லுவாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்பார். மரத்தடிப் படம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். களைப்பு என்று நினைப்பேன்.

சண்டையும் முடிந்தது. விளக்கு மூடிகளைக் கழற்றினார்கள். பாப்பா கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். வீட்டில் வாத்தியாரம்மா நான்தான். ஒருநாள் மத்தியானம் அவள் எழுத்துக் கூட்டுவதைச் சோதிக்க எனக்கு வேறு புத்தகம் கிடைக்கவில்லை. யானைப் புத்தகத்தைப் பாய் தைத்தபடி வலப்பக்கத் தையலாகப் பிடித்துத் திறந்து, முதல் வரியில் அவள் விரலை வைத்தேன். மரத்தடி, ஓடை, பள்ளம், கயிறு, லாரி என்று ஒவ்வொன்றின் அடியிலும் இருந்ததை அவள் தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசித் தாளில் விரல் ஊர்ந்தது.

"தா-ய் யா-னை தி-ரும்-பி வ-ர-வே இல்-லை."

ஒரு பிழை இல்லை. நான் கை தட்டினேன். ஊட்டுக்கு வந்துச்சா என்று அவள் கேட்பாள், பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. புத்தகத்தை மூடி, பொன் யானை மேலே தெரியும்படி திருப்பி மாடத்தில் வைத்தாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். பையை மாட்டினார், காலை நீட்டினார். பாப்பா மாடத்திலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"நைனா, கதை சொல்லட்டா?"

மத்தியானம் அவ்வளவு நன்றாகப் படித்தவள், மறுபடியும் குட்டி தனியாக நிற்கிற படத்திலிருந்து ஆரம்பித்தாள். "குட்டி நின்னுக்கினு கீதா? அப்பறம் லாரி வந்துச்சா? அதுல அம்மா வந்துச்சா?" எனக்குப் பொறுக்கவில்லை. என் பாடம் வீணாவதா?

"இல்ல சித்தப்பா, மத்தியானம் இவ சரியாத்தான்..." என்று நான் வாயெடுத்தேன்.

என் கால் விரல்மேல் பாப்பாவின் குதிகால் இறங்கியது. அவ்வளவு சின்னக் காலில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா முகத்தைப் பார்த்தபடி தாளைத் திருப்பினாள்.

"அப்பறம் ரெண்டும் ஊட்டுக்கு வந்து தூங்கிடுச்சு. நீயும் தூங்கு நைனா."

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

எழுத்துக் கூட்டத் தெரிந்து என்ன, ஒரு கதைக்கு எது முதல் எது கடைசி என்று தெரியவில்லையே, பெண் சுத்த மக்கு என்று எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. நாளைக்கு முதல் வேலையாக அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, மிதிபட்ட விரலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன்.