ஏழு சோடி மேசும் ஒரு துவாய் யானையும்

உல்லாசக் கப்பலில் அறை துப்புரவாக்குகிறவனுக்கு நன்றி என்பது கடைசி நாள் காலையில், தலையணைக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பையில்தான் வரும். அதற்குள் என்ன இருக்கும் என்று கப்பலில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஹோட்டலில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவர்களும் ஓரளவு அறிவீர்கள். வேண்டாத பொருளை இரண்டு கையாலும் வாங்கி, கண் கலங்கியது போல முகம் காட்டிப் பழகிய எல்லோரும் எனக்கு இனசனம்தான்.

என் முழுப்பெயர் பாலசுப்பிரமணியம். ஊர் இலங்கையில் உரும்பிராய், பெண் எடுத்ததும் அங்கேதான். கப்பலில் என் சட்டையில் குத்தியிருந்த தகட்டில் ‘பாலா’ என்று மட்டும் இருந்தது. பதினெட்டு அறைகள், நாளுக்கு இரண்டு தரம். கட்டில் விரிக்க வேண்டும், கக்கூசு கழுவ வேண்டும், போகும்போது குளித்துத் துடைக்கிற துவாயை மடித்து ஏதாவது ஒரு மிருகம் செய்து கட்டிலில் வைக்க வேண்டும். ஊரில் என் மாமனார், மருமகன் கப்பல் ஓட்டுகிறார் என்று சொல்லி வைத்திருக்கிறார். நானும் திருத்தவில்லை.

பையில் வரும் சாமான்களைவிட எனக்குத் தேவைப்பட்டது வேறொன்று. பயணிகள் இறங்கும்போது ஒரு கருத்து அட்டை நிரப்பிக் கொடுப்பார்கள். பெயர் சொல்லிப் புகழ்ந்த அட்டை ஒரு ஒப்பந்தத்துக்குள் இருபது சேர்ந்தால் மேற்பார்வையாளர் ஆகலாம். மேற்பார்வையாளர் ஆனால் மனைவியை இரண்டு கிழமை கப்பலில் கூட்டி வைத்திருக்கலாம். கலியாணம் கட்டி நாலு வருசத்தில் நானும் கௌரியும் ஒரே வீட்டில் இருந்தது ஒரு வருசம் வராது. இந்தச் சலுகையைக் கேள்விப்பட்ட அடுத்த கிழமையே அவள் பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்தாள். வந்த பாஸ்போட்டை அலுமாரியில், திறந்ததும் கண்ணில் படுகிற தட்டில் வைத்தாள். கடலில் அவள் போனது நயினாதீவு வரைக்கும்தான், அதுவும் அலை ஒத்துக்கொள்ளாமல் வழி முழுக்கச் சத்தி எடுத்துக்கொண்டு.

மேசு

நாள் முழுக்க நிற்கிற ஊழியருக்கு மேசு கொடுங்கள், சந்தோசப்படுவார்கள் என்று பயணிகளுக்கு யாரோ இணையத்தில் புத்தி சொல்லி வைத்திருக்கிறார்கள். மேசு என்றால் சொக்ஸ்தான், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். முந்திய ஒப்பந்தத்தின் கடைசிப் பயணத்தில் எனக்கு ஏழு சோடி கிடைத்தது. ஒன்றில் பென்குயின். இரண்டில் சிவப்புத் தொப்பி போட்ட நத்தார்த் தாத்தா. இன்னொன்றில் பெருவிரல் இருக்கும் இடத்தில் ஒரு கலைமானின் சிவத்த மூக்கு. எல்லாம் அவர்களுடைய காலுக்கு அளவானவை. என் இரண்டு காலும் ஒன்றுக்குள்ளேயே போகும்.

விடுமுறையில் வந்தபோது அத்தனையையும் மாமனாரிடம் கொடுத்தேன். வெங்காயத் தோட்டம் செய்கிற மனிதர். கலியாண வீட்டுக்கும் செருப்போடுதான் போவார். மார்கழிப் பனிக்கு உதவும் என்று கலைமானை முழங்கால் மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கினார். போன வேகத்தில் சேறு பூசிய கலைமானோடு திரும்பி வந்தார். இரண்டு நாள் பாவித்துப் பார்த்துவிட்டு, கப்பல் கொம்பனிக்கு அறிவிக்கும்படி என்னிடம் பொறுப்பாகச் சொன்னார்:

“தம்பி, அடுத்த முறை பெருவிரல் பிரிச்ச மேசாய்த் தரச் சொல்லும். உதோடை செருப்புக் கொழுவ ஏலாமல் கிடக்கு.”

தேயிலை

இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வயதான மனுசி, என் மேல் சரியான பட்சம். நாலு நாள் என்னை உற்றுக் கவனித்து, என்ன கொடுத்தால் எனக்குப் பிடிக்கும் என்று யோசித்திருக்கிறார். கடைசி நாள் நாடா கட்டிய ஒரு தகர டப்பாவைத் தந்தார். உள்ளே தேயிலை. டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் ‘இலங்கை விளைபொருள்’ என்று இருந்தது. வீட்டில் நான் பாலும் சீனியும் அள்ளிப் போட்டுக் குடிக்கிற அதே சாமான்தான், உலகத்தைச் சுற்றி என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. நான் நெஞ்சில் கையை வைத்து, இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை என்று ஒரு முகம் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்து இரகசியம் போலச் சொன்னார்:

“உங்கள் நாட்டில் நல்ல தேயிலை கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.”

குரங்கு

துவாயில் நான் நன்றாகச் செய்வது குரங்குதான். மேலே ஒரு கொழுவியில் தொங்கவிட்டு, கறுப்புக் கண்ணாடி ஒன்றும் மாட்டிவிட்டால் எந்த அறையிலும் ஒரு சிரிப்பு நிச்சயம். ஒரு அறையில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று இருந்தது. அறையைத் துப்புரவாக்குவது அந்தக் குரங்கு என்று அது தானாகவே முடிவு செய்துவிட்டது. கதவைத் திறந்து பார்க்கும்போது நான் இல்லை, குரங்கு இருக்கிறது. அறை பளிச்சென்று இருக்கிறது. வேறென்ன நினைக்கும்? போகிற நாளில் தன் கையால் எழுதிய நன்றிக் கடிதத்தையும் ஒரு வாழைப்பழத்தையும் மேசையில் வைத்தது. பக்கத்தில் கருத்து அட்டை. ஓடிப்போய்ப் பார்த்தேன். தாயும் தகப்பனும் பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்று அட்டையிலும் குரங்கையே புகழ்ந்திருந்தார்கள். வேலை செய்த களைப்பில் பழத்தையாவது சாப்பிடுவோம் என்று உரிக்கப் போனேன். தொப்பியை எடுக்கத் திரும்பி வந்த பிள்ளை கதவடியில் நின்று சொன்னது:

“அது உங்களுக்கில்லை.”

பெல்லா

அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சோடி என்னைக் கட்டிப்பிடித்தே விடைபெற்றார்கள். பெரிய கோப்பை ஒன்று, சொக்கிளேற் பெட்டி ஒன்று, குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டுகிற காந்தம் ஒன்று. அட்டையை என் கண் முன்னாலேயே இரண்டு பக்கமும் நிரப்பினார்கள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பின்னேரம் மேற்பார்வையாளர் ரோசாவிடம் போனேன். பிலிப்பைன்ஸ்காரி, நல்ல மனுசி, ஆனால் சட்டம் என்றால் சட்டம். அட்டையில் முழுக்க முழுக்க ‘பெல்லா’ என்று எழுதியிருந்தார்கள். கப்பலில் பெல்லா என்று ஒரு பிள்ளை இருந்தது, சிறுவர் விளையாட்டறையில். அட்டை அவளுக்குப் போய்விட்டது. அந்தச் சோடிக்குப் பிள்ளையே இல்லை, அவர்கள் விளையாட்டறைப் பக்கம் போயே இருக்க மாட்டார்கள் என்று நான் வாதாடினேன். ரோசா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“ஒன்றில் நீ பெயரை மாற்று, இல்லாவிட்டால் அவளிடம் போய்க் கேள்.”

நான் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் தரவில்லை.

யானை

ஒப்பந்தம் முடிய ஒரே ஒரு பயணம் இருக்கும்போது என் கையில் பத்தொன்பது அட்டை. இன்னும் ஒன்றுதான். அந்தப் பயணத்தில் என் அறைகளில் ஒன்றுக்கு ரொறன்ரோவிலிருந்து பரமேஸ்வரி அன்ரியும் அவருடைய கணவரும் வந்தார்கள். பிள்ளைகள் அனுப்பி வைத்த உல்லாசப் பயணம். அன்ரி என் தகட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், பிறகு எவ்விடம் என்று கேட்டார். உரும்பிராய் என்றேன். உரும்பிராயில் எவ்விடம் என்று கேட்டார். மூன்றாவது கேள்வியில் கௌரியின் தாயும் அவரும் கோப்பாயில் ஒரே ரியூசனுக்குப் போனவர்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. இருபதாவது அட்டை தானாக நடந்து வந்து கட்டிலில் இருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை போனால் கட்டில் விரித்திருக்கிறது. குளியலறை ஈரம் காயாமல் மினுங்குகிறது. குப்பைக் கூடைகூட வெறுமை. அன்ரி என்னைக் கதிரையில் இருத்தி, கனடாவிலிருந்து கொண்டுவந்த பருத்தித்துறை வடையை ஒரு பேணியோடு தந்தார். பயணியின் அறையில் ஊழியன் இருக்கக் கூடாது, சாப்பிடவும் கூடாது. நான் இருந்தேன், சாப்பிட்டேன். கழுவுகிறது என் வேலை, விடுங்கோ அன்ரி என்று எவ்வளவோ கெஞ்சினேன். அவர் அசையவில்லை. “ஊர்ப் பிள்ளையைக் கொண்டு கக்கூசு கழுவிச்சுப்போட்டு நான் எந்த முகத்தோடை கோயிலுக்குப் போறது?”

ஏழு நாளும் இப்படியே போனது. நான் அந்த அறையில் செய்த ஒரே வேலை, வெள்ளிக்கிழமை ஒரு துவாய் யானை வைத்ததுதான். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் யானை மேசையில் கிழக்குப் பார்த்து இருக்கிறது. நெற்றியில் திருநீறு, நடுவில் குங்குமம், முன்னால் இரண்டு சொக்கிளேற். பிள்ளையாரைக் கழற்றி மறுபடி துவாய் ஆக்குவது எப்படி? அன்ரி இறங்குகிற நாளில் அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சலவைப் பகுதிக்குப் போனேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் பாலித் தீவுக்காரர். இருந்திருந்து அவருடைய ஊரிலும் பிள்ளையார்தான். ஒரு பார்வை பார்த்தார், கையைத் துடைத்தார், கும்பிட்டார். பிறகு சொன்னார்:

“நான் இதை மெஷினுக்குள் போட மாட்டேன். துணிவிருந்தால் நீ போடு.”

எனக்கும் துணிவில்லை. மெஷினுக்கு மேலே இருந்த தட்டில் இரண்டு பேருமாக வைத்தோம். ஒப்பந்தம் முடிந்து நான் இறங்கும்போதும் அது அங்கேதான் இருந்தது.

அட்டை

அதே காலையில்தான், யானையை எடுக்கப் போன நேரத்தில், இதுவும் நடந்தது. அன்ரி கௌரிக்கு என்று ஒரு சேலை தந்தார். எனக்குப் போட ஒரு புதுச் சேட். கணவர் என் தோளில் தட்டினார். நான் மேசையைப் பார்த்தேன். நிரப்பிய அட்டைகள் ஒரு கட்டாக இருந்தன. சாப்பாட்டறையில் பரிமாறிய ஜமெய்க்காக்காரருக்கு ஒன்று, மின்தூக்கி அடியில் தினமும் சிரித்த பிள்ளைக்கு ஒன்று, பியானோ வாசித்தவருக்குக்கூட ஒன்று. எல்லாம் முத்து முத்தான எழுத்து, பெயரில் ஒரு பிழையில்லை. என்னுடையது இல்லை. அட்டை கேட்கக் கூடாது என்பது கப்பலின் முதல் சட்டம். வெட்கத்தை விட்டுக் கேட்டேன், அன்ரி எனக்கு ஒன்றும் எழுதவில்லையோ என்று. அவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. என் கன்னத்தைத் தடவிச் சொன்னார்:

“உனக்கு என்னத்துக்கு ராசா நன்றி? நீ எங்கடை பிள்ளையெல்லோ. நன்றியெல்லாம் பிறத்தியாருக்கு.”

வீடு

பத்தொன்பதோடு வீட்டுக்கு வந்தேன். சொல்லத் துணிவு வரவில்லை. கப்பல் பழக்கத்தில் கௌரி தேத்தண்ணி தந்தபோது நன்றி என்று சொன்னேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, “என்னப்பா, ஏதும் பிழை விட்டிட்டியளோ?” என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. எழுந்து போய்ப் பாஸ்போட்டைக் கண்ணில் படுகிற தட்டிலிருந்து எடுத்துச் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். கப்பலில் போட என்று கோப்பாயில் தைப்பித்த நீளச் சட்டையையும் மடித்து அதற்கு மேல் வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ முகம் காட்டிப் பழகியவனுக்கு அன்றைக்கு ஒரு முகமும் சரிவரவில்லை.

பிராயச்சித்தமாக விடுமுறை முழுக்க நானே கட்டில் விரித்தேன், கக்கூசு கழுவினேன். ஒருநாள் அவளுடைய தலையணையில் துவாய் யானை ஒன்றும் வைத்தேன். அவள் யானையை உதறித் தலை துவட்டினாள். போன கிழமை குளிர்ப்பெட்டியைத் திறக்கப் போனால், கதவில் அந்த அமெரிக்கச் சோடி தந்த காந்தத்துக்குக் கீழே ஒரு கருத்து அட்டை. என் பெட்டிக்குள் தப்பித் தவறி வந்திருந்த வெற்று அட்டையை எடுத்து, கௌரி தமிழில் நிரப்பியிருந்தாள். ஊழியர் பெயர் என்ற இடத்தில் பாலசுப்பிரமணியம் என்று முழுதாக. குளியலறை என்ற இடத்தில் ‘நல்லாய்க் கழுவினவர், மூலையளை விட்டிட்டார்’ என்று. கடைசியில் மீண்டும் எங்களோடு பயணம் செய்வீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு நேரே எழுதியிருந்தாள்:

“முதல்ல ஒருக்கா ஏத்துங்கோ, பிறகு சொல்லுறன்.”

அடுத்த மாதம் மறுபடி கப்பல் ஏறி முதலாவது அட்டையிலிருந்து எண்ணத் தொடங்குகிறேன், ஆகையால் அந்தக் கப்பலுக்கு வரக்கூடிய ஊர்ச்சனங்கள் தயவுசெய்து எவ்விடம் என்று கேட்காமல், என்னை முன்பின் கண்டறியாதவர் போலக் கக்கூசு கழுவ விட்டுவிட்டு, இறங்கும்போது என் பெயரைப் பிழையில்லாமல் எழுதிவிட்டுப் போங்கள்.