கால்சியம் டப்பாவில் இருந்த மாத்திரை

பெங்களூரில் கல்யாண மண்டபங்களுக்கு லைட் கட்டும் என் தம்பி, போன வருஷத்திலிருந்து மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று நானே எங்கள் ஊர் மருந்துக் கடையில் வாங்கி, அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கி, கால்சியம் டப்பாவில் போட்டு, அவன் ஊருக்கு வரும்போது கொடுப்பேன். அட்டைகளை வெந்நீர் அடுப்பில் எரித்துவிடுவேன். என் வீட்டுக்காரரிடமும் கால்சியம் என்றே சொல்லியிருந்தேன்.

பங்குனியில் ஒரு காலை, அவன் கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கியபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. தாடை இறுகிக் கிடந்தது. தொட்டால் அனலாகச் சுட்டது. வெயில் காய்ச்சல் என்றுதான் என் வீட்டுக்காரர் நினைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் தம்பி என் காதுக்குள், "அக்கா, நேத்து கொக்கைன் போட்டேன். ரயில்லயும் போட்டேன். மூக்குல உறிஞ்சுறது. மச்சாங்கிட்ட சொல்லிராத" என்றான்.

எங்கள் பக்கம் நோயாளியை யாரும் தனியாக டாக்டரிடம் விடுவதில்லை. மூன்று பேரும் உள்ளே போனோம். கேட்டதற்கெல்லாம் என் வீட்டுக்காரரே பதில் சொன்னார்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?"

"கால்சியம்தான் டாக்டர்."

"குடி, போதை?"

"சேச்சே! டீயே ஒரு நாளைக்கு ஒண்ணுதான் குடிப்பான்."

டாக்டர் காய்ச்சலுக்கு ஊசி எழுதினார். தம்பியின் கால்கள் தன்னால் வெட்டி வெட்டி இழுத்தன. பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே அழுதுவிட்டவள் நான். என் வீட்டுக்காரர் எழுந்தார். நான் எழவில்லை.

"அது கால்சியம் இல்ல சார். மனசு சரியில்லைன்னு தந்த மாத்திரை. அதோட மூக்குல ஒரு பவுடரும் போட்டிருக்கான்."

"மூக்குப்பொடியா? அது நான்லா போடுதேன்! ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா?"

"கொக்கைன்" என்றேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தி நர்ஸைக் கூப்பிட்டார். "ரெண்டும் சேர்ந்தா சூடு கட்டுக்கடங்காம ஏறும், இதயம் தாறுமாறா ஓடும். காய்ச்சல் ஊசிக்கு இது அடங்காதும்மா. மாத்திரை பேரு என்ன?"

அட்டையில் இருந்த இங்கிலீஷ் பெயரை நான் வாசித்துப் பார்த்ததே இல்லை. தம்பி பேசும் நிலையில் இல்லை. வீட்டில் இருந்தால் யாராவது பார்ப்பார்கள் என்று டாக்டர் எழுதிய சீட்டையும் மருந்துக் கடையிலேயே கொடுத்துவைத்திருந்தேன். கடைக்குப் போன் போட்டேன்.

"கால்சியமாக்கா, மத்ததா?" என்றார் கடைக்காரர். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"மத்தது. சீக்கிரம் அண்ணாச்சி."

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, டாக்டர் எழுதிக்கொண்டே தம்பியை வார்டுக்குத் தள்ளச் சொன்னார். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சூடு இறங்கியது. மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தியிருப்பதாகவும், எப்போது தொடங்குவது என்று தானே சொல்வதாகவும் டாக்டர் சொன்னார்.

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சொல்லிட்டல்லா" என்றான்.

"நாளைக்கு வேற டாக்டர் வந்து கேட்டாலும் சொல்லுவேன்" என்றேன்.