தானாக விலகும் தோல்

என் மகனை இரண்டாவது மாதத்திலிருந்து குளிப்பாட்டியது நான்தான். இதைச் சொன்னால் ஆண்கள் சிரிப்பார்கள், பெண்கள் நம்ப மாட்டார்கள். என் மனைவிக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். அவளால் குனிந்து எழ முடியவில்லை. நான் தீவுக்காரன், அவள் கடல் தாண்டி வந்த மெயின்லேண்டுக்காரி. அவள் பக்கத்து ஆட்கள் வந்து ஒரு மாதம் கூட இருந்துவிட்டுக் கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். அதன்பிறகு கராச்சர்மாவில் இருந்த எங்கள் வீட்டில் நாங்கள் மூன்றே பேர்.

எங்கள் தீவில் ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். ஆறரைக்குப் பின்வாசலில் இளவெயில் விழும்போது மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கணுக்கால்மேல் பிள்ளையைப் படுக்கப் போட்டுக்கொள்வேன். ரங்கத் ஊரில் இருக்கும் என் அக்கா தன் தோப்புத் தேங்காயை ஆட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்பிய எண்ணெய். தலை, முதுகு, தொடை, குதிகால் என்று தேய்த்து, வெந்நீரை மக்கில் மொண்டு ஊற்றுவேன். அவன் வாயைத் திறந்து ஆகாயத்தைப் பார்ப்பான். எட்டு மணி பஸ்ஸில் வேலைக்குக் கிளம்பும்போது என் கையில் அவன் வாசனை இருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலைகள் அதற்கு முன்பு இருந்ததில்லை.

வேலை என்றால் படகு எஞ்சின் ஃபிட்டர். இந்தக் கதைக்கு அது முக்கியம். உப்புக்காற்றில் இறுகாத நட்டு என்று ஒன்று கிடையாது. அதற்கு எங்கள் பட்டறையில் ஒரே வைத்தியம்தான். எண்ணெய் விடு, ஊறட்டும். இன்றைக்குக் கொஞ்சம் அசை, நாளைக்கு இன்னும் கொஞ்சம் அசை. வேறெதிலும் எனக்குப் பொறுமை கிடையாது, கோபம் மூக்குநுனியில் நிற்கும். ஆனால் இறுகிப்போன ஒன்றை விடுவிக்கும் விஷயத்தில் என்னை அடிக்க ஆளில்லை என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் கவனித்தேன். பிள்ளை சிறுநீர் போகும்போது நுனித்தோல் முதலில் குட்டிப் பலூன் மாதிரி உப்புகிறது, அதன் பிறகே நீர் மெல்லிய கோடாக வெளியே வருகிறது. அவன் அழவில்லை, முகம் சுளிக்கவில்லை. நான்தான் குனிந்து உற்றுப் பார்த்தேன். நுனியில் இருந்த துவாரம் ஊசிமுனை அளவுதான் தெரிந்தது. ஏதோ அடைத்திருக்கிறது, தோல் பின்னால் போக மாட்டேன் என்கிறது என்று முடிவுகட்டினேன்.

மனைவியிடம் சொன்னேன். “டிஸ்சார்ஜ் அன்னைக்கே நர்ஸம்மா சொன்னாங்களே, வெளியில மட்டும் கழுவுங்க, உள்ள எதையும் தள்ளாதீங்கன்னு. பிள்ளைய அவன் பாட்டுக்கு விடுங்க” என்றாள். நர்ஸ் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியிருப்பாள், நம் பிள்ளையைப் பார்த்தா சொன்னாள் என்று எனக்குள் ஒரு வீம்பு. அக்காவுக்கு போன் போட்டேன்.

“அரே, இதுகூடத் தெரியாதாடா தம்பி? எண்ணெய் தொட்டுத் தோலைப் பின்னால தள்ளி விடணும். தினம் கொஞ்சம் கொஞ்சமா. விட்டுட்டா அப்புறம் ஆபரேஷன்ல கொண்டுபோய் விடும். என் பெரியவனுக்கு நான் அப்படித்தான் செஞ்சேன். பில்குல் ஒண்ணும் ஆகல” என்றாள் அக்கா.

எண்ணெய், தினம் கொஞ்சம். பட்டறையில் இருபது வருடமாக நான் செய்வதையே அக்காவும் சொல்கிறாளே! எனக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மனைவிக்குத் தெரியாமல் நாலு நாள் செய்தேன். முதல் மூன்று நாளும் பிள்ளை சிணுங்கினான், சமாளித்துவிட்டேன். நாலாம் நாள் இன்னும் கொஞ்சம்தானே என்று தள்ளினேன். அவன் வீறிட்ட அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. என் விரலில் இரண்டு சொட்டு ரத்தம். வெந்நீரை ஊற்றினேன், துண்டில் சுற்றினேன், தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலில் நடந்தேன். ரத்தம் நின்றுவிட்டது. சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டறைக்குப் போய் ஒரு வேலையும் ஓடவில்லை.

சாயங்காலம் வந்தால் நுனி சிவந்து வீங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறை சிறுநீர் வரும்போதும் பிள்ளை காலை உதறி அழுகிறான். மனைவி அவனை மடியில் போட்டுக்கொண்டு அவனைவிட அதிகமாக அழுதாள். “நான்தாங்க காரணம். காலையில டயப்பரை இறுக்கிக் கட்டிட்டேன் போல” என்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. “விடு, காலையில டாக்டர்கிட்ட போகலாம்” என்று மட்டும் சொன்னேன். அவள் டயப்பர் பாக்கெட்டை எடுத்துக் குப்பையில் எறிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால், தோலைத் தள்ளியதைச் சொல்ல மாட்டேன். அன்று வாய்மூடி நின்றதைத்தான் சொல்வேன்.

மறுநாள் டவுனில் குழந்தை டாக்டரைப் பார்த்தோம். நாற்பது வயதிருக்கும், மதுரைப் பக்கம். பேச்சில் சர்க்கரை சேர்க்காத அம்மா. பிள்ளையைப் படுக்கவைத்து ஒரு நிமிடம் பார்த்தார். தோலைத் தொட்டு இழுக்கவே இல்லை.

“யார் இதைப் பின்னால தள்ளினது?”

“யாரும் தள்ளல டாக்டர். டயப்பரை நான்தான் டைட்டா…” என்று மனைவி ஆரம்பித்தாள்.

“டயப்பர் இப்படிக் கிழிக்காதும்மா.”

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை. “நான்தான் டாக்டர். நாலு நாளா எண்ணெய் விட்டுத் தள்ளினேன்” என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையின் சட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“படகு எஞ்சின் ஃபிட்டர்.”

“எஞ்சின் வளராது. இவன் வளருவான்” என்றார். பிறகு தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். “இந்த நகம் சதையோட ஒட்டியிருக்கே, அந்த மாதிரிதான் பிறந்த ஆம்பளப் பிள்ளைக்கு அந்தத் தோலும் உள்ள ஒட்டியிருக்கும். அது நோய் இல்ல. வளர வளர அதுவாப் பிரியும். ஒருத்தனுக்கு மூணு வயசு, ஒருத்தனுக்குப் பத்து வயசு, சிலருக்கு இன்னும் மேல. உப்புறதும் அது பிரியறப்போ வர்றதுதான். வலியில்லாம, தடையில்லாம நீர் வந்தா ஒண்ணும் செய்ய வேண்டாம். நீங்க நகத்தைப் பிடிச்சுப் பிடுங்கியிருக்கீங்க.”

களிம்பு எழுதிக்கொடுத்தார். வெளியே மட்டும் வெதுவெதுப்பான நீர், வேறு எதுவும் கூடாது. சிறுநீரே போகாவிட்டால், காய்ச்சல் வந்தால், வீக்கம் ஏறினால் அந்த நிமிடமே வரவேண்டும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியாகச் சொன்னதுதான் என் தலையில் இறங்கியது. “கிழிஞ்ச இடம் சாதாரணமா ஆறிட்டா சரி. தழும்பாகி இறுகிட்டா, பின்னால தோலை வெட்டி எடுக்க வேண்டி வரலாம். சுன்னத்துதான். ஆறு வாரம் கழிச்சு வாங்க, பார்க்கலாம்.”

பஸ்ஸில் அவள் பிள்ளையோடு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். கராச்சர்மாவில் இறங்கியதும் மனைவி கேட்டாள்.

“நேத்து நான் அழுதப்போ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“ஆமா.”

“இனிமே பிள்ளைய நான் குளிப்பாட்டிக்கிறேன்.”

மறுநாளிலிருந்து வெந்நீர் வைப்பது என் வேலை, வாளியைப் பின்வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட வேண்டியது. வயிற்றில் தையல் ஆறியிருந்தாலும் அவளுக்கு உட்கார்ந்து எழச் சிரமம். எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். நான் கை நீட்டினால் பிடிக்க மாட்டாள்.

அக்காவுக்கு விஷயம் போனது. தான் சொன்ன யோசனையை அவள் வசதியாக மறந்துவிட்டாள். “ஐயோ, சுன்னத்தா! நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாதே, நாலு பேரு என்ன சொல்லுவாங்க” என்று போனிலேயே புலம்பினாள். ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். ஆனால் என் பயமும் ஏறக்குறைய அதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கத்தி, ரத்தம், அந்தச் சின்ன உடம்பு. அதுவும் நான் செய்த தப்புக்காக.

பட்டறையில் என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் மலையாளி முஸ்லிம். எங்கள் முன்னோரைப் போலவே அவருடைய முன்னோரும் வெள்ளைக்காரன் கைதிகளை இங்கே அனுப்பிய காலத்திலேயே இந்தத் தீவுக்கு வந்தவர்கள். அவர் மகன் என் மகனுக்கு ஒரு வயது மூத்தவன். ஒரு நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“அண்ணே, டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க. எங்க பையனுக்கு ஒரு மாசத்துல ஆஸ்பத்திரியிலதான் செஞ்சோம். எங்களுக்கு அது சம்பிரதாயம், செய்யணும். ஆனா அந்த டாக்டர் சட்டுனு கத்தியை எடுக்கல. குறை மாசமா, எடை இருக்கா, மஞ்சள் காமாலை இருக்கா, உங்க வீட்டுல யாருக்காவது ரத்தம் நிக்காத வியாதி இருக்கான்னு ஒவ்வொண்ணாக் கேட்டாரு. பிறந்தப்போ ரத்தம் உறையறதுக்குப் போடுற ஊசி போட்டாச்சான்னு கேட்டாரு. முதல்ல நீர் போற துவாரம் எங்க இருக்குன்னு பார்த்தாரு.”

“அது எதுக்கு?”

“எங்க அண்ணன் பையனுக்குத் துவாரம் நுனியில இல்ல, அடிப்பக்கமா இருந்துச்சு. டாக்டர் வெட்டவே கூடாதுன்னுட்டாரு. அதைச் சரி பண்ணுற ஆபரேஷனுக்கு அந்தத் தோல்தான் வேணுமாம். வீட்டுல பெரியவங்க சத்தம் போட்டாங்க. அண்ணன் டாக்டர் பேச்சைத்தான் கேட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு எல்லாம் டீக் ஹோ கயா, நல்லா ஆகிடுச்சு.”

“பிள்ளைக்கு வலிக்காதா?”

“மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வாங்க. அது இல்லாம செய்ய விடவே கூடாது. அப்புறம் ரெண்டு நாளு சிணுங்குவான். ஆறும்போது மஞ்சளா ஒரு படலம் வரும். என் பொண்டாட்டி சீழ்னு பயந்து அழுதுட்டா. அது சீழ் இல்ல, ஆறுற தோல். ரத்தம் நிக்காம வந்தாலோ, நீர் போகலைனாலோ, காய்ச்சல் அடிச்சாலோ உடனே ஓடணும்னாங்க. ஒண்ணும் வரல.” மீன்துண்டு ஒன்றை என் டிபன் பாக்ஸில் வைத்தார். “நாங்க வெட்டுற ஆளுங்க, நீங்க வெட்டாத ஆளுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான் அண்ணே. வீட்டுல யாரும் கை வைக்கக் கூடாது.”

அன்று எனக்கு மீன் தொண்டையில் இறங்கியது. ஒருவேளை வெட்டித்தான் ஆகவேண்டும் என்றாலும் உலகம் முடிந்துவிடாது, கேட்க வேண்டியதைக் கேட்டு நல்ல கையில் கொடுத்தால் போதும் என்று முதல்முறையாகத் தோன்றியது. வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். பிறகு டாக்டரின் சீட்டுக்குப் பின்னால், ‘ரத்தம் நிக்காத வியாதி, உங்க வீட்டில் கேட்கவும்’ என்று எழுதி என்னிடம் நீட்டினாள். நான் அக்காவுக்கு மறுபடி போன் செய்து கேட்டேன். யாருக்கும் இல்லை. மனைவியும் தன் வீட்டில் கேட்டாள், அங்கேயும் இல்லை.

ஆறு வாரத்தில் பிள்ளை குப்புற விழக் கற்றுக்கொண்டான். சிறுநீர் போகும்போது அழுவது ஒரு வாரத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் உள்ளே தழும்பு இருக்கிறதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பார்க்கத் துடித்த கையை நான் கட்டிப்போட்டுக்கொண்டு திரிந்தேன்.

டாக்டர் இந்த முறையும் ஒரு நிமிடம்தான் பார்த்தார். எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது.

“மிருதுவா இருக்கு. தழும்பு இல்ல. சுன்னத்து தேவையில்ல. அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது இன்னொரு தடவை காட்டுங்க” என்றவர் என்னைப் பார்த்தார். “அதுவரைக்கும் ஸ்பேனரைப் பட்டறையிலேயே வெச்சிருங்க.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை. மனைவி என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல வாளியைப் பின்வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். மனைவி வாசற்படியில் பிள்ளையோடு நின்றிருந்தாள். வழிவிடாமல் நின்றாள்.

“உட்காருங்க” என்றாள்.

உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். பிள்ளையை என் கணுக்கால்மேல் படுக்கவைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். தலை, முதுகு, தொடை, குதிகால். ஆறு வாரத்தில் எவ்வளவு கனத்துவிட்டான்! இடுப்புக்கு வந்ததும் என் கை தயங்கியது. ஒரு மக் வெந்நீரை வெளியே ஊற்றிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

அவன் அதற்காகவே காத்திருந்தவன்போல ஆரம்பித்தான். நுனி லேசாக உப்பியது, பிறகு மெல்லிய கோடு நேராக எழும்பி என் பனியனை நனைத்துத் தாடைவரை வந்தது. அழவில்லை. பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு வாரத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

“நல்லா ஓடுற எஞ்சினைப் பிரிக்கக் கூடாதுன்னு உங்க பட்டறையில யாரும் சொல்லித் தரலையா?” என்று கேட்டு, துண்டை என் தோளில் போட்டாள்.

அன்று எட்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.