திட்டுக்குள் போன ஐஸ் பெட்டி

சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுவது என் வேலை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை என் பெட்டி போகாத தெரு கிடையாது. ஒரே ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

எண்ணூர்ப் பக்கம் திட்டு என்று ஒரு இடம். நாலு பக்கமும் தண்ணீர். வெளியே வர ஒரே பாலம். முன்பு வலை காயப்போட்ட மணல்மேடாம். கம்பெனிகள் வந்ததும் வேலைக்கு வந்தவர்கள் குடிசை போட்டார்கள். பிறகு கல் வீடு. அதன்மேல் மாடி. வெள்ளம் வரும்போதெல்லாம் வாசலை உயர்த்தினார்கள். உயர்த்திய வாசலுக்குப் படி வேண்டும். படி சந்தில் இறங்கியது. சந்து குறுகிப் போனது.

அன்று மழை. இறந்தவர் அந்தோணி, ஹார்பரில் மூட்டை தூக்கியவர். மகள் குவைத்தில். மறுநாள் சாயங்காலம்தான் வந்து சேருவாள். அதுவரை உடம்பு தாங்க வேண்டும்.

பெட்டியை நாலு பேர் தூக்கிப் போனோம். அந்தோணி வீட்டுத் திருப்பத்தில் எதிர்வீட்டுப் படி இடித்தது. பெட்டி திரும்பவில்லை.

"நட்டுக்க நிமித்திக்கினு போலாமே, நைனா" என்றான் ஒருவன்.

"நிமித்துனா கம்ப்ரசர் ஆயில் ஏறிக்கும். கூலிங் வராது" என்றேன்.

"அப்ப பாலத்தாண்ட வெச்சிக்கலாமா?"

"அங்க ஏதுய்யா கரண்ட்?"

அந்தோணியின் மனைவி ரோசம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு மூஞ்சி பாக்கறதுக்குள்ள பொதைக்க சொல்றீங்களா?"



இடித்த படி எதிர்வீட்டுக் காசியுடையது. அந்தப் படித் தகராறில் அவருக்கும் அந்தோணிக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை என்று பெட்டியின் பின்பக்கம் பிடித்திருந்தவன் சொன்னான். யார் போய்க் கேட்பது? பெட்டி தோளில் கனத்தது.

காசியே கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார். உள்ளே போய்க் கடப்பாரையோடு வந்தார்.

"யோவ், இந்த முட்டிக்கால வெச்சிக்கினு நான் எப்டிய்யா ஏறுவேன்?" என்று அவர் மனைவி கத்தினார்.

"நான் தூக்கி வுடறேன். நவுரு."

நாலைந்து போடு. சிமென்ட் பெயர்ந்தது.

"இவன் உசுரோட வந்து கேட்டிருந்தா ஒரு கல்லு குடுத்திருக்க மாட்டேன்" என்றார் காசி.

பெட்டி உள்ளே போனது. பிளக் போட்டேன். கூலிங் பிடித்தது. மறுநாள் மகள் வந்து பார்த்தாள்.

அடக்கம் முடிந்து பெட்டி எடுக்கப் போனேன். காசி வாசலில் படி இருந்த இடத்தில் ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"படி கட்டலியா?" என்றேன்.

"இன்னாத்துக்கு? நாளிக்கி எனக்கும் உன் பெட்டிதான வரும்." எழுந்து கிரேட்டை உள்ளே இழுத்து வழிவிட்டார்.

இப்போதெல்லாம் போன் வந்தால் முதலில் சந்தின் அகலம் கேட்கிறேன். அடுத்து, எதிர்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை உண்டா என்று.