ஒன்பது பெயரில் ஒரு விரல்

வாடிக்கையாளர் தொலைபேசியில் சொல்வதை எங்கள் நிறுவனத்தில் நாங்கள் எல்லோரும் நம்புவோம், ஜெயபாலன் அண்ணனைத் தவிர. மலேசியாவின் ஈப்போவிலும் காம்பாரிலும் உள்ள சின்ன வியாபாரங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. கணினி நின்றுபோனால் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "நாங்க ஒன்னும் தொடல."

"சரி, யாரு தொடல?" என்பார் அண்ணன்.

அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. பையில் தன் சொந்த நெட்வொர்க் கேபிளை வைத்திருப்பார். சுவர் பிளக்கில் மின்சாரம் வருகிறது என்று யார் சொன்னாலும், தன் கைப்பேசி சார்ஜரைச் செருகிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வார். "பேக்கப் தெனம் எடுக்குறோம்" என்றால், "நேத்து எடுத்ததுல ஒரு ஃபைலைத் திருப்பிக் கொண்டு வாங்க பாப்போம்" என்பார். பாதிப் பேர் அந்த இடத்திலேயே விழிப்பார்கள். வேலை முடியும்வரை வாடிக்கையாளர் தரும் காப்பியைத் தொடமாட்டார். குடித்துவிட்டால் அப்புறம் கேள்வி கேட்க வாய் வராதாம்.

அவர் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறியபோது, யாரையும் வெளியேற்றப்போவதில்லை என்று மேனேஜர் கூட்டம் போட்டுச் சொன்னாராம். அதை நம்பி அண்ணனின் அப்பா வீட்டுக்குப் புதுச் சாயம் அடித்தார். சாயம் மங்குவதற்குள், தொழிலாளர் வீட்டு வரிசையான அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். இதை அண்ணன் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார், நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்.

சென்ற ஆண்டு ஸ்கந்தராஜாவின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர் பள்ளிக்கூடங்களுக்குத் துப்புரவுப் பணியாளர்களை அனுப்பும் குத்தகைக்காரர்; யாழ்ப்பாணத் தமிழர், ரயில்வே அதிகாரியின் மகன். ஈப்போவில் கடைவீட்டு மாடியில் அலுவலகம். கீழே நடைபாதைச் சுவரில் கைரேகை இயந்திரம். விடிவதற்கு முன் பணியாளர்கள் அங்கே வந்து, தங்கள் எண்ணை அழுத்தி, விரலை வைத்துவிட்டு வேனில் ஏறிப் போவார்கள். அந்தப் பதிவு மாடியிலிருக்கும் சர்வருக்குப் போய், அதிலிருந்து சம்பளக் கணக்கு வரும். வருகைப்பதிவு சாஃப்ட்வேரைப் புதுப்பித்த மறுநாளிலிருந்து ஒரு பதிவும் சர்வருக்குப் போகவில்லை.

நாங்கள் போனபோது குமாஸ்தா துளசி மட்டும் இருந்தார். பதிவுகளையும் சம்பளத்தையும் பார்ப்பவர் அவர்தான். "நாங்க ஒன்னும் தொடல அண்ணே," என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கேபிளை எடுத்துக் கொடுத்தேன்.

கேபிள் சரியாக இருந்தது. சர்வரில் இடமும் இருந்தது. சாஃப்ட்வேரை மறுபடி ஓடவிட்டால் கொஞ்ச நேரம் ஓடி, தானாக நின்றது. அது விட்டுச்சென்ற பிழைக்குறிப்பைத் திறந்து படித்த அண்ணன், திரையைத் துளசிக்குத் தெரியாதபடி லேசாகத் திருப்பிக்கொண்டார். புதிய சாஃப்ட்வேர், எல்லாருடைய கைரேகையையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்க்கும்; ஒரே விரல் இரண்டு பெயரில் இருந்தால் நின்றுவிடும். பழையது பார்க்காது. ஒன்பது பெயர்களில் ஒரே விரல் பதிந்திருந்தது. அவற்றில் ஒரு பெயர் துளசி. மற்ற எட்டும் துப்புரவுப் பெண்கள்.

துளசி காப்பி கொண்டுவந்து வைத்தார். அண்ணன் அதைத் தள்ளி வைத்தார்.

"நீங்க லீவே எடுக்கறதில்லையா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணே லீவு. வேலை கெடக்கு."

பழைய பதிவுகளைப் புரட்டினார். துளசி ஒரே ஒரு நாள் வரவில்லை. தஞ்சோங் மாலிமில் அவருடைய மாமியார் இறந்த நாள். அன்று அந்த எட்டுப் பேரும் வேலைக்கு வரவில்லை என்று இருந்தது.

படி இறங்கும்போது அண்ணன் மெல்லச் சொன்னார். "எட்டுப் பேரு உலகத்துலேயே இல்ல. சம்பளம் மட்டும் போகுது. லீவு எடுக்காத குமாஸ்தாவ நம்பக்கூடாது."

ஸ்கந்தராஜாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அவர் உடனே போலீஸ் என்றார். அண்ணனுக்கு அது பிடித்துத்தான் இருந்திருக்கும். ஆனால் தானே பார்க்காத ஒன்றை அவர் எழுதிக் கொடுக்கமாட்டார். "ஒரு நாள் பொறுங்க சார். நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் இருட்டோடு இருட்டாக எதிர்ப்பக்கத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து விரல் வைத்து நகர்ந்தார்கள். வரிசையின் கடைசியில் சிலர் விரல் வைக்காமல் நின்றார்கள். துளசி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒருத்தி எண்ணைச் சொன்னாள், துளசி கட்டைவிரலை வைத்தார். அடுத்தவள் சொன்னாள். மறுபடியும் துளசியின் விரல். அண்ணன் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு.

"இருக்காங்களே," என்றேன்.

"ஆள் பிடிச்சுக்கூட நிறுத்தலாம்லா," என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. இறங்கி ரோட்டைக் கடந்தார். அவரைப் பார்த்ததும் துளசி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். செல்லாயி என்ற வயதான அம்மா மட்டும் முன்னால் வந்து, கேட்காமலே தன் எண்ணை அழுத்தி விரலை வைத்தார். இயந்திரம் சிவப்பாக எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"முப்பது வருசம் ரப்பர் பாலுக்கு ஆசிட் ஊத்துன கை தம்பி. அப்புறம் கக்கூஸ் கழுவுற மருந்து. விரல்ல கோடே இல்ல, பாருங்க."

அண்ணன் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"துளசி வராத அன்னிக்கு நீங்க வேலைக்கு வந்தீங்களா?"

"வந்தோம், கூட்டுனோம், கழுவுனோம். காஜிதான் போச்சு, ஒரு நாள் சம்பளம். வாயத் தொறந்தா இந்தப் பிள்ளைக்கு வேலை போயிடும்லா. மிஷின் வந்தப்பவே பாஸ் சொல்லிட்டாரு, விரல் பதியாதவங்க நாளையிலேர்ந்து வராதீங்கன்னு."

அன்று காலையே ஸ்கந்தராஜாவின் வீட்டுக்குப் போனோம். அவர் கேட்டுவிட்டு அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரும் தோட்டத்து ஆள். அவவும் தோட்டத்து ஆள். நேற்று கள்ளி எண்டு சொன்னீர். ஒரே இரவில நல்லவளாகிட்டா. நான் எப்படி நம்புறது?"

அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார்.

"நம்பாதீங்க சார். நான் உங்க இடத்துல இருந்தாலும் நம்பமாட்டேன். நாளைக்கு நீங்களே வந்து பாருங்க."

ஸ்கந்தராஜா வந்தார். அண்ணன் இயந்திரத்தைப் புது விரல் சேர்க்கும் நிலையில் வைத்துக் கொடுத்தார். துளசியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். முதலில் தன் விரலை வைத்துப் பார்த்தார், பச்சை. செல்லாயியின் கையைப் பிடித்து, விரலில் மெழுகு ஏதாவது தடவியிருக்கிறதா என்று கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். சிவப்பு. நகத்தால் சுரண்டினார். சிவப்பு. விரலை வாயருகே கொண்டுபோய் ஊதினார்.

"பாஸ், எங்க வீட்டுக்காரரே இம்புட்டு நேரம் எங்கையப் புடிச்சதில்ல," என்றார் செல்லாயி. வரிசை முழுக்கச் சிரித்தது. ஸ்கந்தராஜா கையை விட்டார். ஆனாலும் மற்ற ஏழு பேரையும் ஒருவர் விடாமல் சோதித்த பிறகுதான் ஓய்ந்தார்.

"இந்த மிஷின்ல அட்டையும் காட்டலாம் சார். ஆரம்பத்துலேயே சொன்னோம்," என்றார் அண்ணன்.

"அட்டையைக் கைமாத்தலாம் எண்டுதானே விரல் கேட்டனான்."

செல்லாயியின் விரலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஸ்கந்தராஜா எட்டுப் பேருக்கும் அட்டை கொடுக்கச் சொன்னார். விட்டுப்போன அந்த நாள் சம்பளத்தையும் சேர்த்துவிடச் சொன்னார். துளசி வேலையில் இருக்கலாம். ஆனால் இயந்திரத்தில் புதுக் கைரேகை சேர்க்கும் உரிமையை அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டும், இயந்திரத்துக்கு மேலே ஒரு கேமரா மாட்ட வேண்டும் என்றார்.

"கேமரா நானே சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் அண்ணன்.

மாடியில் எட்டுப் பெயர்களிலிருந்தும் துளசியின் விரலை அழித்தார். சாஃப்ட்வேரை ஓடவிட்டு, நிற்காமல் ஓடுகிறதா என்று அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தேங்கியிருந்த பதிவுகள் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தன. துளசி காப்பி கொண்டுவந்தார். இந்தத் தடவை அண்ணன் குடித்தார்.

"எங்கிட்டயே நேரா கேட்டிருக்கலாம்லா அண்ணே. இருட்டுல வண்டியில ஒளிஞ்சு உக்காந்து பாக்கணுமா?"

"கேட்டா பொய் சொல்வீங்கன்னு நெனச்சேன்."

துளசி காலிக் கோப்பையை எடுத்தார்.

"சொல்லியிருப்பேன்தான்," என்றார்.