அழைக்காமல் வந்த தாய்மாமன்

என் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக்கு என் தம்பி அழைப்பில்லாமல் வந்தான். அவன் ஏன் வந்தான் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. எழுதிப் பார்த்தால் விளங்கும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத எழுதக் குழப்பம்தான் கூடுகிறது.

எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்கு அழைப்பிதழ் கொடுத்தால் மட்டும் போதாது. பிள்ளையின் தாயும் தகப்பனும் பித்தளை வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து, அவன் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாத இடத்துக்குப் போகிற தாய்மாமனுக்கு மானம் ரோசம் இல்லை என்று ஊர் பேசும். நான் சொல்லப் போகவில்லை. கிரான் பக்கத்து வட்டையில் இருந்த அப்பாவின் வயல் எனக்குச் சீதனமாக வந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. யார் பிழை என்று கேட்டால் அவன் வீட்டில் ஒரு கதை சொல்வார்கள், என் வீட்டில் இன்னொரு கதை. இரண்டையும் கேட்பவர்கள் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அவன் எனக்குத் திரும்ப வேண்டும் என்று மனதுக்குள் ஆசை இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல மட்டும் எனக்கு வராது. மகள் சொன்னாள். "எல்லாப் பிள்ளையளுக்கும் மாமாதானே முதல் தண்ணி வாக்கிற? எனக்கு மட்டும் ஏன்மா இல்ல?" அவளை ஏசி உள்ளே அனுப்பினேன்.

அது பிரதேச சபைத் தேர்தல் காலம். என் தம்பி எங்கள் வட்டாரத்திலேயே நின்றான். மோட்டார் சைக்கிளில் போனால் இடம் வலம் பார்க்காதவன் அவன். ஊருக்குள் அவன் சிரித்துக் கண்டவர்கள் குறைவு. தேர்தல் வந்ததும் பார்க்க வேண்டுமே! வாவிக் கரையில் தோணி தள்ளுகிறவனோடு சேர்ந்து தோணி தள்ளினான். மீன் விற்கிற பெண்ணின் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டான். கண்டவர் நிண்டவர் எல்லாரையும் கட்டிப்பிடித்தான். சந்தைக்குப் போகிற வழியில் இதையெல்லாம் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஊரெல்லாம் கட்டிப்பிடிக்கிறவனுக்கு அக்கா வீட்டு வாசல் மட்டும் தெரியவில்லையா?

தண்ணீர் வார்க்கிற அன்று அவனுக்குப் பதிலாக என் ஒன்றுவிட்ட அண்ணனை நிறுத்தியிருந்தோம். பாலில் அறுகம்புல் போட்ட பாலறுகு எல்லாம் தயாராக இருந்தது. அண்ணன் செம்பைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது ஒழுங்கையில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. எங்கள் வேலிக்குக் கிட்ட வந்ததும் சத்தம் நின்றது. வெள்ளை வேட்டியோடு என் தம்பி உள்ளே வந்தான். பின்னால் நாலைந்து பொடியன்கள், கையில் போன்.

யாரும் வாங்க என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும் செம்பை அவனிடம் நீட்டினார். அவன் வாங்கி, மகளின் தலையில் பாலறுகு வைத்து, தண்ணீரை வார்த்தான். அவன் அழுதான். அதைப் பார்த்து நானும் அழுதுவிட்டேன். பிறகு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அக்கா, கால் இப்ப எப்பிடி இருக்கு?" என்றான். அதற்கு முந்திய மழைக்கு நான் கிணற்றடியில் விழுந்து கால் முறிந்திருந்தது. அது அவனுக்குத் தெரியும் என்றே நான் நினைக்கவில்லை. எனக்கு உள்ளே எல்லாம் இளகிப் போயிற்று.

எல்லாரும் போன பிறகு என் கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் வாவியில் மீன் பிடிக்கிறவர். எதையும் சுலபத்தில் நம்ப மாட்டார்.

"நீ ஒரு விசரி. வீடு வீடாப் போற பொடியன்மார் ஆருக்கு என்ன வருத்தமெண்டு முதலே சொல்லிக் குடுத்திருவானுகள். வோட்டுக்கு வந்தவன்கா அவன்."

"வோட்டுக்கு வந்தவன் அழுவானா?"

"ஏன், அழுதா வோட்டு விழாதா?"

"சொல்லாத இடத்துக்கு வந்திருக்கானே. மானத்த விட்டுத்தானே வந்தவன்?"

"மானத்த விட்டாத்தான் எலக்சனுக்கே நிக்கலாம்," என்றார்.

மறுநாள் தண்ணீர் வார்த்த காட்சி பேஸ்புக்கில் வந்தது. உருக்கமான இசை ஒன்றை வேறு போட்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போட்டவன் தம்பியா, அவனோடு வந்த பொடியன்களா என்று யாரைக் கேட்பது? பக்கத்து வீட்டுக்காரி போனைக் கொண்டுவந்து காட்டி, "நீயும் நல்லாத்தான் அழுதிருக்காய்கா," என்று சொல்லிச் சிரித்தாள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் படத்தில் என் முகத்தைப் பார்க்க எனக்கே நடிப்பு மாதிரித்தான் இருந்தது. நான் நடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். அப்படியென்றால் அவனும் நடிக்காமல் இருந்திருக்கலாம் அல்லவா? இந்த இடத்தில் வந்து என் யோசனை ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு நிற்கும்.

வாக்குச் சாவடியில் அவனுக்கே புள்ளடி போட்டேன். வெளியே வந்ததும் ஏமாந்துவிட்டேன் என்று ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு வந்து, போட்டது நல்லதுதான் என்று ஆறுதல் பட்டேன். அவன் தோற்றுப் போனான்.

தோற்றது கவலைதான். ஆனாலும் உள்ளூர ஒரு நிம்மதி. இனி அவனுக்கு என் வாக்கு வேண்டாம். இனி வந்தால் பாசம், வராவிட்டால் வேசம். இதில் என்ன குழப்பம் இருக்கிறது என்று நினைத்தேன். மகள் ஒவ்வொரு ஞாயிறும், "மாமா இண்டைக்கு வருவாரா?" என்று கேட்டாள். அவன் வரவில்லை. ஒரு போன் கூட இல்லை. வேசம்தான் என்று முடிவு கட்டி, அவனைத் தலைமுழுகுவதற்கு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆடி அமாவாசைக்கு அமிர்தகழிக்குத் தீர்த்தம் ஆடப் போனபோது, சனத்துக்குள் தம்பியின் மனைவி என் கையைப் பிடித்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "உங்கட ஆள் ஏன் அதுக்குப் பிறகு எங்கட பக்கம் வாறல்ல?"

"என்னெண்டு வாற மச்சாள்? அண்டைக்கு வோட்டுக்குத்தான் வந்தனான் எண்டு அக்கா நினைச்சிருப்பா, இனி எந்த மூஞ்சியோட போற எண்டு சொல்லிச் சொல்லியே இருக்கார்."

இதை என்னவென்று எடுப்பது? வந்ததற்கும் இரண்டு அர்த்தம், வராததற்கும் இரண்டு அர்த்தம். அவள் சொன்னது உண்மையா, புருசனுக்காகக் கதைத்தாளா என்பதும் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்து யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிறு, நானே போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். "என்னத்துக்கு?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைத்தெருவில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். தம்பி முற்றத்தில் சாரத்தோடு நின்று கோழிக்கூட்டுக்கு மறைப்புக் கட்டிக்கொண்டிருந்தான். மறைப்பு அவனுடைய தேர்தல் பதாகை. அதில் அவன் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"என்ன அலுவலா வந்தநீங்க அக்கா?"

"சும்மாதான்டா. உன்னப் பாத்திட்டுப் போக வந்தனான்."

அவன் தயிர்ச் சட்டியைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். "சும்மா ஆரும் வருவாங்களா அக்கா?" என்றான்.

எனக்குக் கோபம் பொங்கியது. என்னையா சந்தேகப்படுகிறாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. என் பிள்ளைக்கு மாமன் வேண்டும், எனக்குத் தம்பி வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுவும் ஒன்று கேட்டு வந்ததாகத்தானே ஆகும். சட்டியை மட்டும் நீட்டினேன். அவன் உடனே கை நீட்டவில்லை.