பூட்டாத வீடு

பல வருடமாக எங்கள் வீட்டை நாங்கள் பூட்டியதே இல்லை. திருவொற்றியூரில், காலடிப்பேட்டையைத் தாண்டிக் கடல் பக்கம் போகும் தெருவின் கடைசியில், வார்ப்படக் கம்பெனி ஒன்று தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் அது ஒன்று. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். ஒருவர் சுவரில் இன்னொருவர் சாய்ந்தபடி நாற்பது வீடுகள். ஓர் அறை, சமைக்க ஒரு மூலை, மேலே மங்களூர் ஓடு. ஜன்னல் கம்பியைக்கூடக் கம்பெனி உலையிலேயே வார்த்திருந்தார்கள். தாத்தா அங்கே கரி அள்ளினார். அப்பா அச்சில் இரும்பு ஊற்றினார். அவருடைய முழங்காலுக்குக் கீழே இரும்புத் துளி தெறித்த இடங்கள் அம்மைத் தழும்புபோல் இருக்கும்.

கம்பெனி மூடியபின்தான் பூட்டாத வழக்கம் வந்தது. வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள், லைன்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு வரும்வரை குடியிருப்பவர்களைக் கிளப்பக் கூடாது, காலியாகக் கிடக்கும் வீட்டைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. எது காலி வீடு என்று அதில் இல்லை. வெளியில் பூட்டுத் தொங்கினால் காலி என்று கம்பெனியே வைத்துக்கொண்டது. கோடியில் இருந்த குடும்பம் ஒரு சாவுக்கு ஊருக்குப் போய் மூன்றாம் நாள் திரும்பியபோது, கதவின் குறுக்கே தகரம் அடித்திருந்தது. அன்றிலிருந்து லைனில் யாரும் பூட்டுப் போடுவதில்லை. எந்த நேரமும் உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. அக்காவின் கல்யாணம் தண்டையார்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அன்று காலை எங்கள் வீட்டில் வந்து உட்காருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. அப்பா பதறினார். அம்மா பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இன்னா தாலியா கட்டப் போறேன்? அத்த மாப்ள கட்டுவாரு. நீங்க போங்க."

தாலி கட்டும் போட்டோவில் அம்மா இல்லை.

அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மாவும் நானும் இரண்டு பேர்தான். நான் ஒரு தனியார் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள். பகலில் அம்மா உள்ளே இருப்பார். நான் வந்ததும் கடைக்கும் கோயிலுக்கும் போய்வருவார். நானும் அம்மாவும் சேர்ந்து தெருமுனை தாண்டிப் பல வருடம் ஆகியிருந்தது.

நகரத்துப் பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் குழு ஒன்று எங்கள் லைனைத் தேடி வந்தது. படம் எடுத்தார்கள், சுவரை அளந்தார்கள். வீட்டின் வரலாற்றை என்னையே எழுதச் சொன்னார்கள். நான்கு பக்கம் எழுதினேன். ஒரு கட்டடம் பழையது, அருமையானது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டால் அதை யாரும் இடிக்க முடியாது என்று படித்திருந்தேன். அதை முழுசாக நம்பினேன். எடுத்த படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்துகிறோம், அதற்கு ஒரு பெரிய அதிகாரி வருகிறார், அந்த வீட்டில் வாழ்கிற அம்மாவே அவரிடம் இரண்டு வார்த்தை பேசினால் நல்லது என்றார்கள்.

வழக்கமாக எங்களுக்காக உட்காருவது எதிர்வீட்டு அத்தை. கண்காட்சி அன்று அவர் பேரனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். லைனில் மிச்சமிருந்ததே பதினோரு குடும்பம். ஞாயிற்றுக்கிழமை, கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு வேலை.

"நீ போய்ட்டு வாடா. எனக்கு இன்னா பேசத் தெரியும்?"

"நீ வந்தாத்தாம்மா வூடு நிக்கும். ரெண்டு மணி நேரம். யாரு வரப் போறாங்க?"

திறந்து போட்டுவிட்டுப் போகலாம் என்றார் அம்மா. திருடு போகும் என்றேன் நான். முனைக் கடையில் பூட்டு வாங்கிவந்து என் கையால் போட்டேன்.

கண்காட்சியில் எங்கள் வீடு சுவரளவுக்குப் பெரிதாகத் தொங்கியது. அம்மா கிட்டே போய்ப் பார்த்தார்.

"நம்ம வூடா இது? இன்னாடா இவ்ளோ சுத்தமா கீது?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண், "அந்த வீட்டில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எதுங்கம்மா?" என்று கேட்டார்.

"பிடிச்சது இன்னாமா பிடிச்சது? அங்கதான கீறோம்."

அதிகாரி வரவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு பஸ் ஏறினோம்.

திரும்பி வந்தபோது என் பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டு. துணி சுற்றி அரக்கு வைத்திருந்தார்கள். கம்பெனி வாட்ச்மேன் எங்கள் பேட்டைக்காரர்தான், அப்பாவோடு டீ குடித்தவர். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பூட்டு நீதான போட்ட, வாத்தியாரே?"

"ரெண்டு மணி நேரம்ணா. எங்களத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாமயா? பூட்டு கண்டா போட்டோ புடிச்சி அனுப்பணும். நான் அனுப்பலன்னா என் வேல பூடும். சீலு வெச்சவன் வேற ஆளு." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இத்தினி படிச்சிக்கினு, பூட்டு போட்டுட்டுப் போயிக்கிறியே, நைனா."

 அம்மா கதவில் முதுகைச் சாய்த்துப் படியில் உட்கார்ந்தார். லைனே கூடிவிட்டது. யாரோ டீ கொண்டுவந்தார்கள். எல்லோரும் கலைந்த பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஆளு இருந்தா கிளப்பக் கூடாதுன்னுதான கோர்ட்டு சொல்லிச்சி? வாசப்படியும் வூட்லதான சேர்த்தி? நான் இங்கயே இருந்தா கணக்குல வருமா, வராதா? நீ படிச்சவன், கேட்டுச் சொல்லு."

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு லைன்காரர்களின் வக்கீலைப் பார்க்கப் போனேன். அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பூட்டு யார் போட்டது என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பிறகு, மனு போடலாம், நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார். படியைப் பற்றிக் கேட்டேன். தலையை ஆட்டினார். "கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தா வெளியதான் தம்பி."

திரும்பி வந்தேன். அம்மா படியிலேயே இருந்தார். எதிர்வீட்டு அத்தை கொடுத்த சோற்றை மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். "இன்னா சொன்னாரு?" என்றார். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார் என்றேன். அது பொய்.

மூன்று நாள் அப்படியே போயிற்று. அம்மா இரவு அத்தை வீட்டில் படுத்துவிட்டு, விடிந்ததும் போய்ப் படியில் உட்கார்ந்துவிடுவார். குளிக்கப் போகும்போதுகூட என்னை அங்கே உட்காரவைத்துவிட்டுத்தான் போனார். வெயில் ஏறினால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். நான் பள்ளிக்குப் போனேன், வந்தேன், பாடம் நடத்தினேன்.

நான்காம் நாள் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, வக்கீல் சொன்னதைச் சொன்னேன். எப்போது சொன்னார் என்பதையும் சொன்னேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை.  ஏதோ அதற்கும் என்னிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதுபோல் கேட்டார்:

"அப்போ எழுந்துக்கட்டுமாடா?"